ஐயம் யார்மேல் விழுந்தது? 'அந்த நாள்' படமும் அதன் முன்பின்னும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பழைய சாலை நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாளுக்கு முன் இச்சாலையில் மாநில எல்லை என்று ஒன்று இருக்கவில்லை. நாகர்கோவிலும் நெய்யாற்றின்கரையும் திருவிதாங்கூர் என்னும் ஒரே அரசின் ஊர்கள். தமிழ் பேசும் வட்டங்களைத் தாய்த் தமிழகத்துடன் இணைக்கக் கோரிய போராட்டத்தில் நெய்யாற்றின்கரை வட்டமும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. இறுதியில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு கிழிக்கப்பட்ட பின்னரும் இருபுறத்து மக்களும் இரு மொழிகளையும் பேசினர். இரு மொழிப் படங்களையும் பார்த்தனர்.

இந்நிலப்பகுதிக்குப் பொய்யாக ஐயுறப்பட்டவனின் கதை புதிதன்று. தென் திருவிதாங்கூரின் பகவதி கோயில்களில் பாடப்படும் தோற்றம் பாட்டு கண்ணகியின் கதையைச் சொல்கிறது. கோவலன் அங்கே பாலகன் என்னும் பெயரில் வருகிறான். திருவனந்தபுரம் ஆற்றுக்கால் கோயிலில், பாட்டு பாண்டியன் வதத்தை எட்டிய பிறகே பொங்கல் அடுப்புகளில் தீ மூட்டப்படுகிறது. செய்யாத களவுக்காக வெட்டுண்ட ஒருவனும், அவன் குற்றமற்றவன் என்பதைச் சிலம்பை உடைத்து மெய்ப்பித்த அவன் மனைவியும் ஆண்டுதோறும் இங்கே நினைக்கப்படுகின்றனர். சிலப்பதிகாரம் முன்வைக்கும் வழக்கில் மூன்று கூறுகள் உண்டு: தன் களவை மறைக்க இன்னொருவனைக் காட்டிக்கொடுக்கும் பொற்கொல்லன், தீர விசாரிக்காத அரசன், இறுதியில் கண்முன் தெறிக்கும் சான்று. உடைந்த சிலம்பிலிருந்து முத்து வந்திருந்தால் அது அரசியினுடையது. மாணிக்கம் வந்ததால் கண்ணகியினுடையது. ஐயத்துக்கு அதன் பின் இடமில்லை.

தமிழ்த் திரைப்படம் இவ்வடிவத்தைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டது. எஸ். எஸ். வாசனின் கதையைக் கொண்டு எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி' 1936இல் வெளிவந்தது. குடிபோதையில் நண்பனைக் கொன்றுவிட்டதாகத் தானே நம்பும் கிருஷ்ணமூர்த்தி, இலங்கைக்குத் தப்பியோடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழல்கிறான். கொலையைச் செய்தவன் அவனல்லன் என்பது முடிவில் வெளிப்படுகிறது. எம். கே. ராதா நாயகனாக நடித்த அப்படம் எம். ஜி. ராமச்சந்திரனின் முதற்படம் என்பதைப் பலரும் அறிவர். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என். எஸ். கிருஷ்ணன் ஒப்பந்தமான முதற்படமும் அதுவே என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. வில்லுப்பாட்டிலிருந்து டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவுக்கும், அங்கிருந்து திரைக்கும் வந்தவர் அவர். 1942இல் ஜூபிடர் நிறுவனம் 'கண்ணகி'யைப் படமாக்கியபோது, பி. யு. சின்னப்பாவும் கண்ணாம்பாவும் நடித்த அதிலும் கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் இருந்தனர். பழி சுமத்தப்பட்டவனின் கதையை இருமுறை நகைச்சுவை நடிகராக அருகிலிருந்து கண்ட ஒருவர், அடுத்த இரண்டே ஆண்டுகளில் அக்கதையின் மையத்தில் நிறுத்தப்பட்டார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காகிதத்துக்குக் கட்டுப்பாடு இருந்தது. இதழ் நடத்த அரசின் உரிமம் வேண்டும். சென்னையில் சி. என். லட்சுமிகாந்தன் நடத்திய 'சினிமா தூது' நடிகர் நடிகையரின் அந்தரங்கங்களை எழுதி விற்பனையானது. எழுதாமலிருக்கப் பணம் கேட்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர், கிருஷ்ணன், இயக்குநர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் அவ்விதழின் உரிமத்தை நீக்கக் கோரி ஆளுநரிடம் விண்ணப்பம் அளித்தனர். இதழ் நின்றது. லட்சுமிகாந்தன் 'இந்து நேசன்' என்னும் வேறோர் இதழைக் கைக்கொண்டு முன்போலவே எழுதினார்.

1944 நவம்பர் 8ஆம் நாள் வேப்பேரிப் பகுதியில் ரிக்சாவில் சென்றுகொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் அரசு பொது மருத்துவமனையில் இறந்தார். சில வாரங்களில் பாகவதரும் கிருஷ்ணனும் ஸ்ரீராமுலு நாயுடுவும் வேறு சிலரும் கொலைச் சதிக் குற்றச்சாட்டில் கைதாயினர். அந்தத் தீபாவளிக்கு வெளிவந்திருந்த 'ஹரிதாஸ்' அரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தது. பாகவதர் நாயகன், கிருஷ்ணனும் மதுரமும் அதில் உண்டு. மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் என அது பெயர் பெற்ற காலமெல்லாம் அதன் நாயகனும் நகைச்சுவை நடிகரும் சிறையில் இருந்தனர். திரையில் அவர்களைக் கண்டு கைதட்டிய அதே மக்கள், வெளியே வந்து அவர்களைப் பற்றிய செய்தித்தாளை வாங்கிப் படித்தனர்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரிகளுடன் நடந்த விசாரணையின் முடிவில், 1945 மே மாதம் ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. மேல்முறையீடும் தோற்றது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு கவுன்சில் திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. இந்தியா விடுதலை பெறுவதற்கு நான்கு மாதங்களே இருந்தன.

இவ்வழக்கில் ஐயம் எவ்வாறு உருவாயிற்று என்பது கவனிக்கத்தக்கது. கொலையுண்டவர் பலரைப் பற்றி எழுதியவர். ஆகவே பகைவர் பலர். அப்பகைவருள் யார் பெயர் ஊரறிந்ததோ, யார் தம் வெறுப்பை விண்ணப்பமாகவே எழுதிக் கையொப்பமிட்டிருந்தனரோ, அவர்களை நோக்கியே பார்வை திரும்பியது. வெறுப்பை மறைத்தவர் எவரேனும் இருந்திருப்பின் அவர் அந்த வெளிச்சத்தில் அகப்பட்டிருக்க மாட்டார். காரணம் இருந்தது என்பதிலிருந்து, செய்தார் என்பதற்குத் தாவும் தூரம் மிகச் சிறிதாகத் தெரிந்தது. சான்று அத்தூரத்தைக் கடக்கிறதா என்று அமர்ந்து பார்க்க இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

அந்தக் கொலை நடந்த அதே சென்னையை, ஏறக்குறைய அதே காலத்தை, ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு திரைப்படம் எடுத்துக்கொண்டது. எஸ். பாலசந்தர் இயக்கி, ஏ. வி. மெய்யப்பனின் ஏவிஎம் தயாரித்த 'அந்த நாள்' 1954 ஏப்ரல் 13ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டையொட்டி வெளிவந்தது. கதை நிகழ்வது 1943 அக்டோபரில், ஜப்பானிய விமானங்கள் சென்னையின்மீது குண்டு வீசிய இரவை ஒட்டி. வானொலிப் பொறியாளன் ராஜன் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். படத்தின் முதல் ஓசைகளுள் ஒன்று அந்தத் துப்பாக்கி வெடிப்பு. நாயகனாக நடித்த சிவாஜி கணேசன் கதை தொடங்கும்போதே பிணமாகிவிடுகிறார். பின்னர் அவரைப் பிறர் நினைவுகளின் வழியாகவே காண்கிறோம்.

பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. தமிழில் அவ்வாறு வந்த முதற்படம் இது. அகிரா குரோசவாவின் 'ராஷோமோன்' தந்த தூண்டுதலால் பாலசந்தர் இதன் கதையை அமைத்தார். உரையாடலை எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார். ராஜனின் வேடத்துக்கு முதலில் கல்கத்தாவில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த என். விசுவநாதனை வைத்துப் படப்பிடிப்பு தொடங்கப்பட்டு, பிறகு சிவாஜி கணேசன் அழைக்கப்பட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் நடித்த 'பணம்' படத்தை இயக்கியவர், சிறையிலிருந்து மீண்டிருந்த என். எஸ். கிருஷ்ணன்.

'அந்த நாள்' லட்சுமிகாந்தன் வழக்கைக் குறிப்பிடவில்லை. அதன் கதைமாந்தர் எவரும் அவ்வழக்கின் மனிதரை ஒத்தவரும் அல்லர். ஆயினும் அந்த வழக்கு விட்டுச்சென்ற கேள்வியைத் தமிழில் முதன்முதலாக முறையாகக் கேட்ட படம் இதுவே எனலாம். கொலையை முதலில் காவல் நிலையத்தில் அறிவிக்கும் அண்டை வீட்டுக்காரர் சின்னையா முதல் ஐயத்துக்கு ஆளாகிறார். சொத்தில் பங்கு கேட்டுச் சண்டையிட்ட தம்பி பட்டாபி, அவன் மனைவி ஹேமா, ராஜனுடன் உறவு கொண்டிருந்த நாட்டியக்காரி அம்புஜம் ஆகியோர்மேல் அது ஒன்றன்பின் ஒன்றாகப் படர்கிறது. ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்கின்றனர். ஒவ்வொருவரும் வேறொருவரை நோக்கிக் கைகாட்டுகின்றனர். ஒவ்வொருவருக்கும் காரணம் உண்டு. ஆனால் அவர்களுள் எவரும் கொல்லவில்லை.

'ராஷோமோன்' படத்துக்கும் இதற்குமுள்ள வேறுபாடு இவ்விடத்திலேயே தெளிவாகிறது. குரோசவாவின் படத்தில் ஒரே நிகழ்ச்சி பலவாறாகச் சொல்லப்பட்டு, எது மெய் என்பது பார்ப்பவர் மனத்திலேயே விடப்படுகிறது. 'அந்த நாள்' உண்மையை விட்டுவிடவில்லை. அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. சாட்சியம் ஒவ்வொன்றும் கொலையாளியைக் காட்டத் தவறிச் சாட்சி சொல்பவரைக் காட்டிவிடுகிறது என்பதே அதன் கண்டுபிடிப்பு. பங்கு கிடைக்காதவனின் பேச்சில் பணம் பேசுகிறது. அண்டை வீட்டாரின் பேச்சில் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்த அரைகுறைக் காட்சி பேசுகிறது. ஐயம் பணத்தையும் பெண்ணையும் நோக்கியே ஓடுகிறது. கொலைக்குக் காரணம் அவ்விரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் முன்னரே முடிவு செய்துவிட்டனர்.

உண்மை வேறோரிடத்தில் இருந்தது. ராஜனின் கண்டுபிடிப்பை நாடு மதிக்கவில்லை. மனம் கசந்த அவன் ஜப்பானுக்கு உளவாளியாகிறான். அதை அறிந்த மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியே அவனைக் கொன்றது. பண்டரிபாய் ஏற்ற அவ்வேடத்தை எவரும் ஐயுறாமைக்குக் காரணம் எளியது. துக்கத்தில் அமர்ந்திருக்கும் மனைவியிடம் பணத்தகராறும் இல்லை, கள்ளக்காதலும் இல்லை. வழக்கமான காரணங்களைத் தேடிய கண்களுக்கு அவளிடம் காண ஒன்றுமில்லை. அவளுடைய காரணமோ நாடு. குறைகள் வெளியே தெரிந்தவர்களைச் சுற்றி ஐயம் படர்ந்தது. மனத்துக்குள் பெரும் போரை நடத்தியவள் கண்ணுக்குப் படவில்லை.

ஐயுறப்பட்ட தம்பி பட்டாபியாக நடித்த டி. கே. பாலச்சந்திரன் திருவனந்தபுரத்துக்காரர். தமிழிலும் மலையாளத்திலும் நடித்த இவர், 1960இல் வந்த 'பூத்தாலி'யில் மலையாளத் திரையின் முதல் இரட்டை வேடத்தை ஏற்றவராக அறியப்படுகிறார். அப்படத்தைத் தயாரித்த பி. சுப்பிரமணியம் நாகர்கோவிலில் பிறந்தவர். நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் சாலையில் நேமத்தில் 1951இல் மெரிலாண்டு ஸ்டுடியோவை நிறுவியவர். தமிழ்த் திரையும் மலையாளத் திரையும் இச்சாலையின் மனிதர்களை இவ்வாறு பகிர்ந்துகொண்டன.

'அந்த நாள்' வந்த நான்காம் மாதம், 1954 ஆகஸ்டு 11இல், தமிழ் வட்டங்களின் இணைப்புப் போராட்டத்தினர்மீது மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. பாறசாலையிலிருந்து இவ்விடங்கள் தொலைவில் இல்லை. மறு ஆண்டு மெரிலாண்டிலிருந்து மலையாளத்தின் தொடக்ககாலக் குற்றப் புலனாய்வுப் படங்களுள் ஒன்றான 'சி.ஐ.டி.' வெளிவந்தது. பிற்காலத்தில் ஏராளமான படங்களை எடுத்த எம். கிருஷ்ணன் நாயரின் முதல் இயக்கம் அது. பிரேம் நசீரும் மிஸ் குமாரியும் நடித்தனர். பிரதர் லட்சுமணன் இசையமைத்தார். திருநயினார்குறிச்சி மாதவன் நாயர் பாடல்களை எழுதினார். தமிழில் 'அந்த நாள்' துறந்த பாட்டு மலையாளத் துப்பறியும் படத்தில் நிலைத்தது. 1956இல் இந்தியிலும் 'சி.ஐ.டி.' என்ற பெயரில் ஒரு படம் வந்தது. ராஜ் கோஸ்லா இயக்கிய அதில் காவல் ஆய்வாளனே கொலைப்பழிக்கு ஆளாகி, தன்னை மெய்ப்பிக்கத் தப்பியோடி உண்மையைத் தேடுகிறான். பாட்டுகள் நிறைந்த அப்படம் பெருவெற்றி பெற்றது.

அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'த ராங் மேன்' திரைக்கு வந்தது. நியூயார்க் நகர இசைக்கலைஞர் ஒருவரைக் கொள்ளைக்காரர் எனச் சாட்சிகள் தவறாக அடையாளம் காட்டியதால் 1953இல் நேர்ந்த உண்மை நிகழ்ச்சியே அதன் கதை. உண்மைக் குற்றவாளி அகப்பட்ட பின் அவர் விடுபட்டார். ஆனால் அதற்குள் அவர் மனைவியின் மனநலம் குலைந்திருந்தது. மெய் வெளிப்படும் நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடாது என்பதை அப்படம் மறைக்கவில்லை.

முதல் வெளியீட்டில் 'அந்த நாள்' வெற்றி பெறவில்லை. பாட்டில்லாத படத்துக்குப் பார்வையாளர் ஆயத்தமாக இல்லை. 1954ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் தமிழின் சிறந்த படத்துக்கான வெள்ளிப் பதக்கம் எம். ஜி. ராமச்சந்திரனின் 'மலைக்கள்ள'னுக்குச் சென்றது. 'அந்த நாள்' அடுத்த இடத்துக்கான தகுதிச் சான்றிதழைப் பெற்றது. விருதுக்குப் பின் அது மறுபடி வெளியிடப்பட்டு மதிப்படைந்தது. சிலம்பு உடைந்ததும் ஐயம் தீர்ந்துவிடும் கதைகளில் பழகியவர்களுக்கு, ஐயமே கதையாக இரண்டு மணி நேரம் நீள்வது ஏற்பாகச் சற்றுக் காலம் தேவைப்பட்டது.

என். எஸ். கிருஷ்ணனின் வாழ்வு இவற்றுள் எந்தப் படத்தையும் ஒத்து முடியவில்லை. அவர் சிறையிலிருந்தபோது மதுரம் தயாரித்த 'பைத்தியக்காரன்' படத்தில், விடுதலையாகி வந்த கிருஷ்ணனும் தோன்றினார். 1949இல் சி. என். அண்ணாதுரையின் எழுத்தில் 'நல்லதம்பி', 1951இல் தம் இயக்கத்தில் 'மணமகள்' என்று அவர் பணி தொடர்ந்தது. சிரிப்பையும் கொடையையும் அவர் கைவிடவில்லை. 1957 ஆகஸ்டு 30இல், ஐம்பதை எட்டுமுன்பே காலமானார். அவர் பிறந்த ஊர் தமிழகத்தோடு சேர்ந்து அப்போது பத்து மாதங்களே ஆகியிருந்தன. பாகவதருக்கோ விடுதலைக்குப் பின் வந்த படங்கள் கைகொடுக்கவில்லை. 1959 நவம்பர் 1இல் அவரும் மறைந்தார். வழக்கு தந்தது விடுதலைத் தீர்ப்பு. அது எடுத்துக்கொண்ட ஆண்டுகளையும் பொருளையும் உடல்நலத்தையும் திருப்பித்தர எந்த நீதிமன்றத்துக்கும் வழியில்லை.

திரைக்கதைக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி இதில் அடங்கியிருக்கிறது. திரையில் குற்றமற்றவன் விடுபடுவது குற்றவாளி அகப்படுவதால். 'சதி லீலாவதி'யில் உண்மைக் கொலைஞன் தெரியவருகிறான், 'அந்த நாளி'ல் உஷா பேசுகிறாள், இந்திச் 'சி.ஐ.டி.'யில் மறைந்திருந்த பகைவன் வெளிப்படுகிறான். ஹிட்ச்காக்கின் படத்தில் முகம் ஒத்த மற்றொருவன் பிடிபடுகிறான். நீதிமன்றம் அவ்வாறு இயங்குவதில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே ஒருவரை விடுவிக்கப் போதும். வேறு பெயர் தேவையில்லை. சட்டத்தின் வலிமை அதுவே. ஆனால் ஊர்ப்பேச்சு பெயரைக் கேட்கிறது. பெயர் கிடைக்காத இடத்தில் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறது. கிருஷ்ணனையும் பாகவதரையும் பற்றிய எழுத்துகளில், விடுதலைக்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின்னரும் லட்சுமிகாந்தன் பெயர் கூடவே வருவதற்கு அதுதான் காரணம்.

வேப்பேரியில் குத்துண்டவரும் இக்கணக்கில் சேர்க்கப்பட வேண்டியவர். அவர் எழுதியவை எத்தகையனவாயினும், கொலையுண்ட மனிதர் அவர். அவரைக் கொல்லச் செய்தவர் யார் என்பதற்கு நீதிமன்றத்தில் நிலைத்த விடை இன்றுவரை இல்லை. எளிதில் தெரிந்த முகங்களின்மேல் ஐயம் விழுந்தபோது, குற்றமற்றவர் ஆண்டுகளை இழந்தனர். இறந்தவருக்குரிய நீதியும் அத்துடன் கைநழுவிப் போயிற்று. பட்டாபியையும் ஹேமாவையும் அம்புஜத்தையும் ஒவ்வொருவராக ஐயுற்று விலக்கிய பிறகே சிவானந்தம் உஷாவிடம் வந்து சேர்கிறார். 1944இன் சென்னையில் அந்த விலக்கலைச் செய்து முடித்தவர் எவருமில்லை.